பழைய எஞ்சினும் புதிய பிஸ்டனும்: எழுவான்கரை உழவு இயந்திரங்களை முன்னிறுத்திய ஒரு நோக்கு

உழவுத் தொழில் பற்றி நம் மத்தியில் நிகழ்ந்துள்ள இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் கலப்பையோடும் துலாவோடும் நின்றுவிட்டன. பள்ளு இலக்கியங்களில் மாடுகளும் நெல்லினங்களும் ஏர்க்கருவிகளும் நிரல்பட உரைக்கப்படும் பாங்கினை விதந்து பேசும் ஆய்வாளர், அரை நூற்றாண்டுக்கு மேலாக ஈழத்தின் கிழக்குக் கரை வயல்களை உழுதுவரும் இயந்திரத்தின் உறுப்புகளைப் பற்றிக் கேட்டறிய முற்பட்டமை அரிது. இயந்திரம் பொறியியலாளருக்குரியது, சொல் தமிழறிஞருக்குரியது என்னும் பிரிவினை இதற்கு ஒரு காரணமாகும். மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் வேறாக்கிய சமுதாயப் பிரிவினை கல்வித்துறையில் எடுக்கும் வடிவம் இது எனலாம்.

தேய்ந்துபோன டீசல் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் புதுப்பிக்கும்பொழுது, மாற்றிப் பொருத்த வேண்டிய பிஸ்டனையும் கொனெக்டிங் ரொட்டையும் எவ்வாறு தெரிவது என்பதே இக்கட்டுரையின் பொருள். மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துக் களுதாவளையையும் அதன் அயலையும் களமாகக் கொண்டு இதனை நோக்குவோம். தெரிவின் தொழினுட்ப நியாயங்களை முதலில் விளக்கி, அத்தெரிவைச் செய்யும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் வினாவுக்குப் பின்னர் வருவோம். இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாதவை என்பது கட்டுரையின் போக்கிற் புலப்படும்.

1. களமும் கருவியும்

மட்டக்களப்பு வாவி அப்பிரதேசத்தை இரு கரைகளாக வகுக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரை எழுவான்கரை. வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல்நிலம் படுவான்கரை. மண்முனை தென் எருவில்பற்றிலே, கல்முனை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, எழுவான்கரையில் அமைந்த ஊர் களுதாவளை. வெற்றிலைக் கொடியும் மரக்கறித் தோட்டமும் அவ்வூரின் அடையாளங்கள். அம்மணற்றரைத் தோட்டங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரம் இன்றியமையாதது. நெல்வயலோ எழுவான்கரையார் பலருக்கு மறுகரையிலே உள்ளது. களுவாஞ்சிகுடியை அடுத்த பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து உழவு இயந்திரங்கள் போரதீவுப்பற்று வயல்களுக்குச் செல்கின்றன. எனவே ஒரே குடும்பத்தின் சீவியம் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்திலும் வயலின் உழவு இயந்திரத்திலும் ஒருங்கே தங்கியிருத்தல் இங்கு பொதுவான நிலைமையாகும்.

மட்டக்களப்பின் நெல்லுற்பத்தியில் போடியார் எனப்பட்ட நிலவுடைமையாளர் நெடுங்காலம் மேலாண்மை செலுத்தினர். உழவு இயந்திரம் பரவியபொழுது அதனை வாங்கும் வலிமை முதலில் அவர்களுக்கும் வணிகருக்குமே இருந்தது. சிறு கமக்காரர் ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அமர்த்தினர். காலப்போக்கில் புதிய இயந்திரத்தை வாங்கியவர் பழையதை விற்க, அது கைமாறிக் கைமாறிச் சிறு உடைமையாளரிடம் வந்து சேர்ந்தது. புதிய இயந்திரத்தோடு உரிமை வருகிறது. பழைய இயந்திரத்தோடு உரிமையும் பழுதும் சேர்ந்தே வருகின்றன.

இப்பழுதின் சுமை அண்மைக் காலத்திற் பன்மடங்காயிற்று. 2020 மார்ச்சில் இலங்கையின் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இந்நிலையில் புதிய இயந்திரம் என்பது சிறு உடைமையாளரின் எண்ணத்துக்கும் எட்டாதாயிற்று. பழைய எஞ்சினைத் திருத்தி ஓட்டுவது வேண்டுமா வேண்டாமா என்னும் தெரிவு மறைந்து, எவ்வாறு திருத்துவது என்னும் தெரிவு மாத்திரமே எஞ்சியது.

மார்க்ஸ் ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் நிலையான மூலதனத்தைப் பற்றி ஆராயும்பொழுது, இயந்திரத்தைப் பழுதுபார்த்தலும் அதனைப் பகுதி பகுதியாக மாற்றீடு செய்தலும் நடைமுறையில் ஒன்றோடொன்று கலந்துவிடுவதை இரயில் பாதைகளை உதாரணமாகக் கொண்டு விளக்குகிறார். முதலாம் பாகத்தில், இயந்திரம் உடலளவில் தேயுமுன்னரே அதனிலும் மலிவான, திறமையான புதிய இயந்திரம் சந்தைக்கு வந்து அதன் பெறுமதியைக் குறைத்துவிடுவதைத் தார்மிகத் தேய்மானம் என்று குறிப்பிடுகிறார். முதலாளித்துவ மையங்களில் தார்மிகத் தேய்மானம் எஞ்சினைக் குப்பைக்கு அனுப்புகிறது. களுதாவளை போன்ற ஓரங்களில் அதே எஞ்சின் உடலளவிலான தேய்வின் கடைசி எல்லை வரை உழைக்கிறது. பிஸ்டன் தெரிவு இங்கு பெறும் முக்கியத்துவத்தின் பொருளாதார அடிப்படை இதுவாகும்.

2. எஞ்சினை இனங்காணல்

விளக்கத்தின் பொருட்டு ஓர் எஞ்சினைத் தெரிந்துகொள்வோம். 1964 இன் இறுதியில் அறிமுகமான மாசி பெர்குசன் 135 உழவு இயந்திரம் இலங்கையில் நன்கு அறியப்பட்டது. அதன் டீசல் எஞ்சின் பெர்க்கின்ஸ் 3.152 வகையைச் சார்ந்தது. இவ்வெண்ணிலேயே எஞ்சினின் இலக்கணம் அடங்கியுள்ளது: 3 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை, 152 என்பது அவற்றின் மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். சிலிண்டரின் விட்டம் 3.6 அங்குலம், அதாவது 91.44 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 5 அங்குலம், அதாவது 127 மில்லிமீற்றர். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 834 கன சென்ரிமீற்றர்.

இவ்விட்டம் இவ்வெஞ்சினுக்கு மாத்திரம் உரியதன்று. நான்கு சிலிண்டர் கொண்ட 4.203 எஞ்சினின் விட்டமும் ஓட்டமும் இவையே. 3.152 இன் பெற்றோல் வடிவமும் இதே விட்டமும் ஓட்டமும் உடையது. டீசல் வடிவங்களுள்ளும் எரிபொருள் நேரே பிஸ்டனின் தலைக்குழியிற் பீச்சப்படுபவை, தனி அறையிற் பீச்சப்படுபவை என்னும் வேறுபாடு உண்டு. நேர்ப்பீச்சல் எஞ்சினின் பிஸ்டன் தலையில் எரிதலுக்கென வடிவமைத்த குழி இருக்கும். ஏனையவற்றின் தலை வேறு வடிவினது. எனவே ‘மாசி பெர்குசன் பிஸ்டன், மூன்று தசம் ஆறு’ என்று கடையிற் கேட்பவருக்குச் சிலிண்டருக்குள் எளிதாக இறங்கக்கூடிய, ஆனால் எஞ்சினுக்குப் பொருந்தாத பிஸ்டன் கிடைத்தல் கூடும். எஞ்சின் கட்டையில் அடிக்கப்பட்ட தொடர் எண்ணைப் படித்து, அதற்குரிய உதிரிப்பாக எண்ணைப் பட்டியலிற் கண்டு, பழைய பிஸ்டனோடு புதியதை அருகருகே வைத்து ஒப்பிடுவதே முதற் கடமை. இயந்திரம் பல கைமாறி வந்திருப்பின், முன்னொரு திருத்தத்தில் வேறு எஞ்சினின் உறுப்பு உள்ளே வந்திருக்கவும் கூடும் என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

3. பழைய உறுப்புத் தரும் சாட்சியம்

பழைய பிஸ்டனை ஒப்பீட்டுக்கு வைத்திருப்பதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. எஞ்சின் ஏன் தேய்ந்தது என்பதற்கு அதுவே முதன்மைச் சான்று. காரணத்தை அறியாது உறுப்பை மாற்றுபவர் அதே பழுதை மறுபடியும் விலைகொடுத்து வாங்குகிறார்.

பிஸ்டனின் பக்கம் முழுவதும் நுண்ணிய கீறல்கள் சீராகப் பரந்திருந்தால், காற்றோடு தூசி உட்சென்றிருக்கிறது. எழுவான்கரையின் கடல்மணல் இரும்பையும் அராவக்கூடிய கடினமுடையது. ஒயில் நிரப்பிய காற்றுவடியில் ஒயில் வற்றியிருந்தாலோ அதன் இறப்பர்க் குழாய் வெடித்திருந்தாலோ மணற்றூள் நேரே சிலிண்டருக்குட் செல்கிறது. பிஸ்டனின் நாற்புறமும் உலோகம் உருகி இழுபட்டிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. ரேடியேற்றரையும் நீர்ப்பம்பையும் பார்த்தல் வேண்டும். தலைக்குழியின் விளிம்பு எரிந்து அரித்திருந்தால் எரிபொருள் பீச்சும் இன்ஜெக்டரில் ஐயுறவு கொள்ளத்தகும். ஒரு புறம் மேற்பகுதியிலும் எதிர்ப்புறம் கீழ்ப்பகுதியிலுமாகக் குறுக்கே சாய்ந்து தேய்ந்திருந்தால் ரொட் வளைந்திருக்கிறது.

இக்கடைசி அடையாளம் இப்பிரதேசத்தில் தனிக்கவனத்துக்குரியது. நீர் அமுக்கத்துக்கு இடங்கொடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் எஞ்சினைச் சுழற்றினால், மேலேறும் பிஸ்டன் நீரில் மோதி நிற்க, கிராங்கின் விசை ரொட்டை வளைத்துவிடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் 2011 சனவரிப் பெருவெள்ளமும் மட்டக்களப்பு மாவட்டத்தை நீருள் ஆழ்த்தின. நீரில் மூழ்கிய எஞ்சினை வெளியே இழுத்துத் துடைத்து உடனே ஓட்டிப் பார்க்கும் ஆவல் இயல்பானதே. ஆயினும் அன்று சிறிது வளைந்த ரொட் உடனே உடைந்துவிடாமல் பல ஆண்டுகள் ஓடிப் பிஸ்டனை ஒரு பக்கமாகத் தேய்த்துக்கொண்டிருத்தல் கூடும்.

4. பிஸ்டனின் அளவு: சிலிண்டரே தீர்மானிக்கிறது

எந்த அளவுப் பிஸ்டனை வாங்குவது என்பதைத் தேய்ந்த சிலிண்டர் தீர்மானிக்கின்றது. ஆகவே அளத்தல் வாங்குதலுக்கு முற்பட்டது. சிலிண்டர் எங்கணும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் வெப்பமும் அழுத்தமும் மிக்கிருக்க, ஒயில் குறைந்திருக்கும். தேய்வு அவ்விடத்திலேயே அதிகம். கிராங்குக்குக் குறுக்கான திசையில் பிஸ்டன் சுவரை அழுத்துவதால் அத்திசையிலும் தேய்வு கூடுகிறது. எனவே மேல், நடு, கீழ் என்னும் மூன்று மட்டங்களில், கிராங்கின் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் அளத்தல் வேண்டும். சிலிண்டர் ஒன்றுக்கு 6 அளவுகள். மூன்று சிலிண்டருக்கு 18.

உதாரணமாக, 3.600 அங்குலச் சிலிண்டர் மிகத் தேய்ந்த இடத்தில் 3.612 அங்குலம் காட்டுகிறது என்று கொள்வோம். மாற்றுப் பிஸ்டன்கள் பொதுவாக 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் பெரிதாக வார்க்கப்படுகின்றன; கடையில் 10, 20, 30, 40 என்னும் எண்களாலேயே அவை வழங்கும். 10 ஐ வாங்கினால் 3.610 அங்குலத்துக்குத் துளைக்கவேண்டும். தேய்ந்த பள்ளமோ அதற்கு அப்பாலும் நிற்கிறது. ஆகவே 20 ஐத் தெரிந்து மூன்று சிலிண்டரையும் அதே அளவுக்குத் துளைத்தல் முறையாகும். ஒரு சிலிண்டர் மாத்திரம் தேய்ந்திருந்தாலும் மூன்றையும் ஒரே அளவில் வைப்பதால் பிஸ்டன்களின் எடை ஒத்திருக்கும். மெற்றிக் அளவில் வார்த்த பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று வரும். 0.030 அங்குலம் 0.762 மில்லிமீற்றர் ஆகும், 0.75 ஐயும் அதனையும் ஒன்றென்று மயங்கலாகாது.

பெர்க்கின்ஸ் 3.152 போன்ற எஞ்சின்களில் சிலிண்டருக்குள் உலர் லைனர் எனப்படும் வார்ப்பிரும்புக் குழாய் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். அதனை அழுத்தி வெளியேற்றிப் புதிய லைனரை இறக்கி, மூல அளவுப் பிஸ்டனையே பொருத்தலாம். லைனரைத் துளைத்துப் பெரிய பிஸ்டனைப் போடுவது உடனடிச் செலவிற் குறைந்ததாகத் தோன்றினும், லைனரின் சுவர் மெல்லியது; துளைக்குந்தோறும் மேலும் மெலியும். கட்டை ஏற்கெனவே எவ்வழியிற் சென்றிருக்கிறது என்பதை அளந்து அறிந்த பின்னரே இரண்டில் ஒன்றைத் தெரிதல் வேண்டும்.

பிஸ்டனை முதலில் வாங்கி, அதனை அளந்து, பின்னர் சிலிண்டரைத் துளைப்பதே சரியான ஒழுங்கு. பிஸ்டன் ஒரு நேர்வட்ட உருளையன்று. பின்னின் திசையிற் சிறிது ஒடுங்கியும் தலைப்பக்கம் கூம்பியும் செய்யப்படுவது. பின்னுக்குக் குறுக்கே, பக்கச்சுவரின் கீழ்ப்பகுதியில், தயாரிப்பாளர் குறிக்கும் இடத்தில் மைக்ரோமீற்றரால் அளந்து, அவர் குறிக்கும் இடைவெளியைக் கூட்டி, லேத் பட்டறைக்குத் துளையின் அளவை எழுதிக் கொடுத்தல் வேண்டும். இவ்விடைவெளியின் தேவை உலோகங்களின் இயல்பிலிருந்து எழுவது. பிஸ்டனின் அலுமினியக் கலப்புலோகம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிகின்றது. 91.44 மில்லிமீற்றர் விட்டம் 100 பாகை செல்சியஸ் சூடேறும்பொழுது அலுமினியத்தில் ஏறத்தாழ 0.18 மில்லிமீற்றரும் இரும்பில் 0.10 மில்லிமீற்றரும் கூடுகிறது. குளிர்ந்த நிலையில் ‘இறுக்கமாக நல்லாயிருக்கிறது’ என்று தோன்றும் பிஸ்டன் வயலின் நடுவே சூடேறிச் சிக்கிக்கொள்வதன் காரணம் இதுவே.

5. விட்டத்துக்கு அப்பால்

விட்டம் ஒத்திருத்தல் போதுமானதன்று. பின் துவாரத்தின் மையத்திலிருந்து தலையின் மேல்முகம் வரையிலான உயரம், பின்னின் விட்டம், தலைக்குழியின் வடிவமும் ஆழமும், ரிங் பள்ளங்களின் எண்ணிக்கையும் அகலமும், எடை ஆகிய ஐந்தும் ஒத்திருத்தல் வேண்டும். இவற்றுள் உயரத்தின் முக்கியத்துவத்தைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம்.

அமுக்க விகிதம் 18.5 இற்கு 1 என்று கொள்வோம். 834 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்பொழுது எஞ்சும் இடம் ஏறத்தாழ 47.7 கன சென்ரிமீற்றர் மாத்திரமே. பிஸ்டனின் பரப்பு 65.7 சதுர சென்ரிமீற்றர். மாற்றுப் பிஸ்டனின் உயரம் 1 மில்லிமீற்றர் குறைவாயின் எஞ்சும் இடம் 6.6 கன சென்ரிமீற்றர் கூடும். அமுக்க விகிதம் 16.4 ஆக வீழும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லை. அமுக்கத்தாற் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அமுக்கம் குறையுமாயின் காலைக் குளிரிற் பற்றாது, புகை தள்ளும், எரிபொருள் வீணாகும். உயரம் கூடுமாயின் பிஸ்டன் தலை சிலிண்டர் மூடியில் மோதும். பழைய கட்டையின் மேல்முகம் முன்னர் அராவப்பட்டிருந்தால் இவ்வபாயம் மிகும். ஆகவே பிஸ்டனை மாட்டிய பின்னர், மூடியைப் பொருத்து முன், கட்டையின் மேல்முகத்துக்கு அது எவ்வளவு உயர்ந்து அல்லது தாழ்ந்து நிற்கிறது என்பதை அளந்து கைநூலின் எல்லையோடு ஒப்பிடல் வேண்டும். உயர்ந்து நின்றால் தலையைச் சீவிவிடலாம் என்னும் யோசனையைக் கைநூல் அனுமதித்தாலன்றி ஏற்றலாகாது.

ரிங்குகளின் வாய் இடைவெளியும் அளக்கப்படவேண்டியது. விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.003 முதல் 0.004 அங்குலம் என்பது பொதுவான கணிப்பு. கைநூல் வேறு கூறின் அதுவே முடிபு. 3.6 அங்குலச் சிலிண்டருக்கு இது ஏறத்தாழ 0.011 முதல் 0.014 அங்குலம் ஆகும். இடைவெளி இல்லாத ரிங் சூட்டில் விரிந்து முனைகள் முட்டி உடையும்.

6. கொனெக்டிங் ரொட்

பிஸ்டன் தேய்ந்தால் எஞ்சின் வலுவிழக்கும். ரொட் உடைந்தால் எஞ்சினே அழியும். உடைந்த ரொட் கட்டையின் பக்கச்சுவரைத் துளைத்து வெளிவருவது கராஜ்களில் அறியப்பட்ட அவலம். ஆகவே ரொட் தெரிவில் சிக்கனத்துக்கு இடம் குறைவு.

அதன்மீது செயற்படும் விசைகளை நோக்குவோம். எரிதலின்பொழுது அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 70 கிலோகிராம் எனக் கொண்டால், பிஸ்டன் ரொட்டை 4,600 கிலோகிராம் அளவில் அமுக்குகிறது. அமுக்கத்தை எஃகு நன்கு தாங்கும். இழுவையே அபாயமானது. புகை வெளியேறும் ஓட்டத்தின் முடிவில் பிஸ்டனை உச்சியில் நிறுத்திக் கீழே இழுக்கும் வேலை முழுவதும் ரொட்டினுடையது. நிமிடத்துக்கு 2,250 சுற்றில், 127 மில்லிமீற்றர் ஓட்டமுள்ள எஞ்சினில், பிஸ்டன் தொகுதியின் ஒவ்வொரு கிலோகிராமும் நானூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமையைப்போல் ரொட்டையும் அதன் இரு போல்ட்டுகளையும் இழுக்கும். மணித்தியாலம் ஒன்றில் இது 67,500 தடவை நிகழ்கிறது. எஃகின் களைப்பு என்பது இத்தகைய மீள்நிகழ்வின் விளைவு. சுமையின் அளவு பழையதே ஆயினும், நுண்ணிய வெடிப்பொன்று தடவைதோறும் சிறிது வளர்ந்து ஒருநாள் முறிகின்றது.

ஆதலால் பழைய ரொட்டை மீளப் பயன்படுத்துவதா, மாற்றுவதா என்னும் வினாவுக்கு ஐந்து சோதனைகள் விடை தரும். முதலாவது, வளைவும் முறுக்கும். இதற்கெனச் சட்டம் உள்ள பட்டறையிற் பார்த்தல் வேண்டும், கண்மதிப்பு உதவாது. இரண்டாவது, வெடிப்பு. காந்தத் துகள் கொண்டோ சாயம் கொண்டோ சோதிக்கும் வசதி இல்லாவிடத்துப் பழைய முறை ஒன்று உண்டு: ரொட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துக் காயவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைப் பூசினால், வெடிப்புக்குள் தங்கிய எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். மேற்பரப்பு வெடிப்புக்கே இது பயன்படும். மூன்றாவது, பெரிய தலையின் வட்டம். மூடியைப் பொருத்திப் போல்ட்டுகளைக் குறித்த இறுக்கத்துக்கு முறுக்கிய பின்னரே அதனை அளத்தல் வேண்டும். நான்காவது, சிறிய தலையின் புஷ்ஷும் பின்னும். ஐந்தாவது, எடை. மாற்று ரொட் ஒன்றைச் சேர்க்கும்பொழுது ஏனைய இரண்டோடும் அது எடையில் ஒத்திருத்தல் வேண்டும்.

ரொட்டும் அதன் மூடியும் ஒன்றாக வைத்தே துளைக்கப்பட்டவை. இரண்டிலும் ஒரே எண் அடிக்கப்பட்டிருக்கும். ஒரு ரொட்டின் மூடியை மற்றதற்கு மாட்டலாகாது, திருப்பியும் மாட்டலாகாது. பெயாரிங் தளர்ந்தபொழுது மூடியின் முகத்தை அராவி இறுக்கும் பழக்கம் வட்டத்தைக் கெடுத்து ரொட்டையே பயனற்றதாக்குகிறது. பெயாரிங்கின் அளவைக் கிராங் தீர்மானிக்கிறது: கிராங்கை அரைத்து 0.010 அங்குலம் சிறிதாக்கினால் 10 பெயாரிங், 0.020 ஆயின் 20. சிலிண்டரில் எண் கூடினால் பிஸ்டன் பருக்கிறது. கிராங்கில் எண் கூடினால் கழுத்து மெலிகிறது. இரண்டையும் மயங்குதல் எளிது என்பதால் எழுத்தில் வைத்தல் நன்று. போல்ட்டுகளைப் பொறுத்தவரை புதியன இடுவதே தகும். எஞ்சின் முழுவதன் பெறுமதியும் அவற்றில் தொங்குகிறது.

வரலாறு தெரியாத ரொட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்குவது, அது முன்னர் எத்தனை கோடி தடவை இழுபட்டது என்பதையும் எவ்வெள்ளத்தில் மூழ்கியது என்பதையும் அறியாமல் வாங்குவதாகும். வேறு வழி இல்லாதவர் மேற்கூறிய ஐந்து சோதனைகளையும் முடித்த பின்னரே அதனை உள்ளே விடவேண்டும்.

7. ‘அசல்’ என்பதன் பொருள்

கடையில் மூன்று விலைகள் உள்ளன: அசல் எனப்படுவது, மாற்றுத் தயாரிப்பு, பயன்படுத்தியது. இவற்றுள் அசல் என்னும் சொல் தோன்றுமளவுக்கு எளிமையானதன்று. 1932 இல் இங்கிலாந்தின் பீற்றர்பரோவில் தொடங்கிய பெர்க்கின்ஸ் நிறுவனத்தை 1959 இல் மாசி பெர்குசன் வாங்கியது. 1998 இல் அது கற்றர்பில்லரிடம் சென்றது. சென்னையில் 1949 இல் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் தோன்றியது. சிம்சன் நிறுவனம் 1950 களில் பெர்க்கின்ஸ் எஞ்சின்களை உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1960 இல் டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் உழவு இயந்திரங்களுக்கென நிறுவப்பட்டது. இம்மூன்றும் ஒரே அமல்கமேஷன்ஸ் குழுமத்தைச் சார்ந்தவை. பீற்றர்பரோவில் வரையப்பட்ட எஞ்சின் மரபு இவ்வாறு வட சென்னைத் தொழிலாளரின் உழைப்பாலும் தொடர்ந்தது. பெட்டியின் மேலுள்ள பெயர் உடைமை உறவைக் குறிப்பது. உள்ளே இருக்கும் பிஸ்டனின் தரத்தை மைக்ரோமீற்றரும் தராசுமே உறுதிப்படுத்தும். நல்ல மாற்றுத் தயாரிப்பும் உண்டு. பெயரைத் திருடிய போலியும் உண்டு. அச்சு மங்கிய பெட்டி, உதிரிப்பாக எண் இன்மை, மூன்று பிஸ்டன்களின் எடை வேறுபாடு, பள்ளத்தின் விளிம்பில் வார்ப்புத் துவாரம் ஆகியவை போலியை ஐயுற வைக்கும்.

இலங்கை இந்த உறுப்புகளைப் பெரிதும் இறக்குமதியாகவே பெறுகிறது. 1970–77 காலப்பகுதி அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடு வெங்காய, மிளகாய்ச் செய்கையாளருக்குச் சந்தையைக் கொடுத்தது. அதே கட்டுப்பாடு உதிரிப்பாகத்தை அரிதாக்கியது. 1977 இன் திறந்த பொருளாதாரம் உதிரிப்பாகத்தைக் கொண்டுவந்தது. அதே கப்பல்களில் வெளிநாட்டு விளைபொருளும் வந்தது. போர்க்காலத்திற் பொருளாதாரத் தடை எரிபொருளையும் உறுப்பையும் ஒருங்கே தடுத்தது. கமக்காரர் கையில் நிற்கும் ஒரு பிஸ்டனின் விலையில் இவ்வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது.

8. அளவை யாருடையது?

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். நல்ல தெரிவு பணத்தைவிட அளவையிலேயே முதலிற் தங்கியுள்ளது. ஆனால் அளவை சிறு உடைமையாளரின் கைக்கு வருவதில்லை. ‘போர் அடிக்கவேண்டும், நாற்பது போட்டாயிற்று’ என்று கேட்டுக் காசைக் கொடுத்து வருகிறார். எவ்வளவு தேய்ந்திருந்தது, ஏன் 20 போதாமற் போனது, அடுத்த முறைக்கு இடமுண்டா என்பன எழுத்தில் இல்லை. ஐப்பசியில் மழைக்கு முன் உழுது விதைத்தாக வேண்டிய அவசரமும் கடனும் சேர்ந்து வினாவுக்கு நேரம் விடுவதில்லை. பல இயந்திரங்களை உடையவர் ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்டலாம். ஒன்றையே உடையவர் போகத்தையே இழக்கிறார்.

இங்கு கராஜ் தொழிலாளியைக் குற்றஞ்சாட்டுதல் நமது நோக்கமன்று. கைநூல் அவருக்குத் தமிழிற் கிடைப்பதில்லை. ஈழத்துக் கலைச்சொல்லாக்கம் பிஸ்டனுக்கு முசலம் என்று பெயரிட்டது. உலக்கை என்னும் பொருளுடைய அச்சொல் மேலும் கீழும் இயங்கும் உறுப்புக்கு அழகாகவே பொருந்துகிறது. பாடநூலில் முசலம் வாழ்ந்தது. பட்டறையில் பிஸ்டனும் ரொட்டும் போரும் வாழ்ந்தன. இரண்டுக்கும் இடையில் ஒரு கைநூல் எழுதப்படவில்லை என்பதே குறை. எச்சொல் தூய்மையானது என்னும் விவாதத்தைவிட, 18 அளவுகளை நிரப்பத்தக்க ஒரு பக்கப் படிவத்தைப் பட்டறையின் சொற்களிலேயே அச்சிடுவது உடனடிப் பயனுடையது.

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் கமக்கார அமைப்புகள் உள்ளன. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. இவற்றுள் ஒன்று உள்விட்ட அளவி, மைக்ரோமீற்றர், தராசு, முறுக்கு அளவுச் சாவி ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்து, ஒவ்வோர் எஞ்சினின் அளவையும் உடைமையாளர் பெயரில் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்குமாயின், அடுத்த திருத்தம் ஊகத்தில் அல்லாது பதிவில் தொடங்கும். ஒரே அளவுப் பிஸ்டன் தேவைப்படுவோர் சேர்ந்து வாங்கும் வாய்ப்பும் அப்பதிவேட்டிலிருந்து பிறக்கும். உற்பத்திச் சாதனத்தின் உடைமை சிறு கமக்காரருக்குச் சிறிதளவேனும் கிட்டியிருக்கும் இடத்தில், அச்சாதனத்தைப் பற்றிய அறிவின் உடைமையும் அவருக்குக் கிட்டுதல் அவசியம். பெரும்போக உழவு தொடங்குமுன், எஞ்சின் திறந்து கிடக்கும் நாட்களிலேயே, அப்படிவத்தின் முதல் வரியை நிரப்பத் தொடங்கலாம்.